கண்ணாடிக்குள் நடந்த யானைக்குட்டி

கூலிம் பட்டணத்துப் புத்தகக் கடையில் அந்தப் படப் புத்தகத்தைக் கண்டதும் நின்றுவிட்டேன். அட்டையில் அதே தங்கநிற விருது முத்திரை.

சிறுவயதில் எங்கள் ரப்பர் தோட்டப் பள்ளியில் அந்தப் புத்தகம் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியிருந்தது. எங்கள் கைகளில் எப்போதும் ரப்பர் பிசுக்கு இருக்கும் என்பதால், ஆசிரியரே வாரம் ஒரு பக்கம் திருப்பி விரித்து வைப்பார். காட்டை இழந்த யானைக்குட்டி ஒன்று வீடு தேடி நடந்துகொண்டேயிருந்தது.

கடைசிப் பக்கம் வருவதற்குள் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். வீட்டைக் காலி செய்து லோரியில் சாமான் ஏற்றும்போது அம்மாவிடம் கேட்டேன். பள்ளியைச் சுத்தம் செய்த அவளிடம் அலமாரிச் சாவி இருந்தது.

"கடைசியில யானைக்குட்டி என்னம்மா ஆச்சு?"

"வீட்டுக்குப் போய்ச் சேந்துருச்சு. நான் பார்த்தேன்லா. ஏறு."

இன்று கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். மழையில் யானைக்குட்டி இன்னும் நடந்துகொண்டிருந்தது. வீடு எங்கும் இல்லை.

அம்மா அதைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறாள்.