கராச்சியிலிருந்து வந்த பதினோரு அட்டைகள்

சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு பேக்கரிக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே பத்தடி அகலத்தில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை இருக்கிறது. கடைக்காரர் ஜலாலுக்கு வயது அறுபத்தொன்று. முப்பது வருடமாக அங்கே உட்கார்ந்து ஊராருக்குக் கண்ணாடி மாட்டி அனுப்புகிறார். யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. டிராஃபிக் போலீஸைத் தூரத்தில் பார்த்தாலே, எல்லாக் காகிதமும் சரியாக இருந்தும், ஸ்கூட்டரை ஓரங்கட்டி இறங்கி நின்றுவிடுவார். "யாராவது விசில் ஊதினா போதும், இவரு கைய நீட்டிடுவாரு விலங்கு மாட்டச் சொல்லி" என்று அவர் மனைவி ஜஹானாரா சொல்லிச் சிரிப்பாள்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த பொழுதுபோக்கு கொஞ்சம் வினோதமானது. மொட்டைமாடியில் கம்பி கட்டி, சொந்தமாக ரேடியோ வைத்துக்கொண்டு, உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் முகம் தெரியாத ஆளோடு பேசுகிறவர்கள் உண்டு. ஹாம் ரேடியோக்காரர்கள் என்பார்கள். பேசி முடித்ததும், 'உங்கள் குரல் எனக்கு வந்து சேர்ந்தது' என்பதற்குச் சாட்சியாக ஒருவருக்கொருவர் அஞ்சலட்டை அனுப்பிக்கொள்வார்கள். முன்பக்கம் ஏதாவது படமும் பெரிய எழுத்தில், ரேடியோவில் அவரவருக்கு அடையாளமான அழைப்புக்குறியும் இருக்கும். பின்பக்கம் தேதி, நேரம், அலைவரிசை, குரல் எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்பதற்கு ஓர் எண். அந்தப் பழைய அட்டைகளைத்தான் ஜலால் சேர்த்தார். அவர் ஒரு நாளும் ரேடியோவில் பேசியதில்லை. லைசென்ஸ் வாங்கினால் வீட்டுக்கு விசாரணைக்கு ஆள் வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டதோடு அந்த ஆசையை விட்டுவிட்டார்.

சிட்லபாக்கத்தில் ஒரு பழைய பேப்பர் கடையில், தராசுத் தட்டில் கிடந்த ஒரு கட்டைப் பார்த்ததில் தொடங்கியது எல்லாம். யாரோ ஓய்வுபெற்ற இன்ஜினியர் காலமாகி, பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து வீட்டைக் காலி செய்திருக்கிறார்கள். செய்தித்தாள்களுக்கு நடுவில் எஸ்கிமோ படமும் எரிமலைப் படமும் சோவியத் ராக்கெட்டுமாக அறுநூறு அட்டைகள். அன்று கடைக்குத் திரும்பி, லென்ஸ் பார்க்கும் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். இருபத்தாறு வருடத்தில் அது நாலாயிரத்தைத் தாண்டிவிட்டது.

அந்த முதல் கட்டிலேயே பதினோரு அட்டைகள் கராச்சியிலிருந்தும் லாகூரிலிருந்தும் வந்தவை. எல்லாம் அறுபதுகளில் எழுதியவை. அந்தப் பதினொன்றை மட்டும் ஜலால் ஆல்பத்தில் ஒட்டவில்லை. ஒரு காக்கிக் கவரில் போட்டு பீரோவின் அடித்தட்டில், சால்வைகளுக்குக் கீழே வைத்தார். சக சேகரிப்பாளர்கள் கூடும்போது அந்தக் கவரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவார். போன மே மாதம் எல்லையில் சண்டை என்று டிவி நாள் முழுக்க அலறியபோது, கவரை எடுத்துப் பரணில் வைத்தார். இரண்டு நாள் கழித்து, பரணில் இருந்தால் ஒளித்து வைத்தது போலத் தெரியும் என்று மறுபடி பீரோவுக்கே கொண்டுவந்தார். வீட்டிலிருந்து பார்த்தால் விமானப்படைத் தளத்தில் இறங்கும் விமானம் தெரியும். அது கூட அவருக்கு உறுத்தியது.

பக்ரீத் கழிந்த மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குக் கடைக்கு ஒரு போன் வந்தது.

"ஜலாலுதீன்தானே? உங்க பேர்ல வெளிநாட்டுப் பார்சல் ஒண்ணு பிடிபட்டிருக்கு. உள்ள சட்டவிரோதமான பொருள் இருக்கு" என்றது ஓர் ஆண் குரல்.

ஜப்பானிலிருந்து ஒருவர் ஜலாலுக்கு ஐம்பது அட்டைகள் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்.

"சார்... கார்டுங்களா சார்? அந்தப் பழைய ரேடியோ கார்டு?"

எதிர்முனையில் இரண்டு நொடி சத்தமே இல்லை. பிறகு, "ஆமா. கார்டுதான். எல்லாம் எங்களுக்குத் தெரியும். நீங்களே சொல்லிட்டா நல்லது" என்றது.

அந்த இரண்டு நொடியைப் பற்றி ஜலால் பின்னால் நூறு தடவை யோசித்திருக்கிறார். அவர்களுக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. அவர்தான் வாயைத் திறந்து கொடுத்தார். அடுத்த ஐந்து நிமிடத்தில் அழைப்புக்குறி, கராச்சி, லாகூர், பீரோ, காக்கிக் கவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"உங்க வீட்டுலேர்ந்து ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷன் எவ்ளோ தூரம்?"

"ரெண்டு கிலோமீட்டர் இருக்கும் சார்."

"புரியுதா, கேஸ் எங்க போய் நிக்குதுன்னு?"

புரிந்தது. வீடியோ காலுக்கு மாறச் சொன்னார்கள். சீருடை போட்ட ஒருவர், பின்னால் தேசியக்கொடி. இந்தி கலந்த தமிழில் பேசினார். "இந்த நிமிஷத்துலேர்ந்து நீங்க கைது. வீடியோவை அணைச்சா லோக்கல் போலீஸ் பத்து நிமிஷத்துல கதவை உடைப்பாங்க. யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. வீட்டுக்குப் போய் ஒரு ரூம்ல உட்காருங்க."

ஜலால் ஷட்டரை இழுத்துவிட்டு, போனைச் சட்டைப்பையில் கேமரா வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினார். கேம்ப் ரோடு முழுக்கத் தெரிந்த முகங்கள். பேக்கரிக்காரர் கை காட்டினார். ஜலால் தலையைத் திருப்பிக்கொண்டார். நெஞ்சுக்கு மேல் ஒரு கண் திறந்திருக்கும்போது யாரைப் பார்த்து என்ன செய்வது?

வீட்டில் ஜஹானாரா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "என்னங்க, கடைய மூடிட்டீங்களா?"

"ஆடிட்டர் பேசறாரு. தொந்தரவு பண்ணாத" என்று அறைக்குள் போய்த் தாழ் போட்டார்.

"ஃபேன அணைங்க. சத்தம் வருது" என்றார் திரையில் இருந்தவர்.

ஜூன் மாத வெயிலில், சன்னல் சாத்திய அறையில், மின்விசிறி இல்லாமல் அவர் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். காக்கிக் கவரைப் பிரித்து ஒவ்வோர் அட்டையாகக் கேமரா முன் காட்டச் சொன்னார்கள்.

"அம்பத்தொம்பதுன்னு போட்டிருக்கே, என்ன அது?"

"நல்லாக் கேக்குதுன்னு அர்த்தம் சார்."

"எழுபத்து மூணு?"

"வாழ்த்துகள்னு சொல்றது சார். எல்லா நாட்டுலயும் அப்படித்தான்..."

"சங்கேத வார்த்தை!" என்று அவர் மேசையில் அடித்தார். "இந்தக் கராச்சிக்காரன எப்போ சந்திச்சீங்க?"

"சார், இது அறுபத்தெட்டுல எழுதினது. எனக்கு அப்போ நாலு வயசு சார்."

"பொய்!"

"மன்னிச்சிடுங்க சார்."

நாலு வயதாக இருந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறோம் என்பது அவருக்கே ஒரு கணம் உறைத்தது. ஆனால் பயம் அதை அங்கே தங்கவிடவில்லை. மகள் ருக்ஸானாவின் முகம் கண்ணுக்கு வந்தது. தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு கம்பெனியில் நல்ல வேலை. அப்பன் மேல் தேசத்துரோக வழக்கு என்றால் அவளை ஒரு நாள் வைத்திருப்பார்களா? கல்யாணம் பேசியிருக்கும் இடத்தில் என்ன சொல்வார்கள்?

மணி இரண்டரை இருக்கும். "மேலதிகாரிகிட்ட பேசிட்டு வர்றேன், அசையாதீங்க" என்று சீருடைக்காரர் எழுந்து போனார். திரையில் காலி நாற்காலி. ஜலால் கைக்குக் கிடைத்த அட்டையைத் திருப்பினார். கராச்சிக் கடற்கரையில் ஒட்டகம் நிற்கும் படம். ஓரத்தில் ஒரு கைரேகை பட்டாலே பதறுகிறவர், அதன் பின்புறத்தில் பேனாவை அழுத்தி எழுதினார்.

'ஜஹானாரா, என்மேல் பெரிய கேஸ். உன் அக்கா வீட்டுக்குப் போய்விடு. ருக்ஸானாவை இங்கே வரவிடாதே. யார் கேட்டாலும் உனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடு.'

அதைக் காலாலேயே கதவுக்கு அடியில் தள்ளினார்.

ஜஹானாரா அக்கா வீட்டுக்குப் போகவில்லை. கூடத்தில் நின்றபடி இரண்டு முறை படித்தாள். உடனே மகளுக்குப் போன் போட்டாள். மணி அடிப்பதற்கு முன் அந்தப் பதிவுக் குரல் வந்தது. எட்டு மாதமாக யாருக்குப் போன் போட்டாலும் முதலில் வந்து உயிரை எடுக்கிற குரல். முடியட்டும் என்று எரிச்சலோடு காத்திருப்பாளே தவிர, ஒரு நாளும் அவள் அதைக் காதில் வாங்கியதில்லை. அன்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். போலீஸ் என்று சொல்லிக்கொண்டு வீடியோவில் கைது செய்வதாக யாராவது மிரட்டினால் நம்பாதீர்கள் என்றது அது.

"அம்மா?" என்றாள் ருக்ஸானா.

"உங்க அத்தாவ யாரோ போன்லயே அரெஸ்ட் பண்ணி வச்சிருக்காங்கடி."

"அய்யோ! அம்மா, மொதல்ல அந்த லைன கட் பண்ணு. இதோ வர்றேன்."

ஜஹானாரா கதவைத் தட்டினாள். "என்னங்க, சுகர் மாத்திரை போடணும். கதவத் திறங்க."

"யார் அது?" என்றது திரை. அதற்குள் சீருடைக்காரர் திரும்பி வந்து, வங்கிக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்று ஆரம்பித்திருந்தார்.

"என் வொய்ஃப் சார். மாத்திரை..."

"ஒரு நிமிஷம்தான்."

கதவு திறந்ததும் ஜஹானாரா அவரைப் பார்க்கவே இல்லை. நேராக மேசைக்குப் போய் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

"அடிப்பாவி! என்ன காரியம் பண்ணிட்ட! வந்துடுவாங்கடி!" கல்யாணமான முப்பத்துநாலு வருடத்தில் முதல் முறையாக ஜலால் கத்தினார். போனைப் பிடுங்கப் பாய்ந்தார். அவள் அதைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடி அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள். அரிசிக்குள்ளிருந்து அது பத்தொன்பது முறை அடித்தது.

தெருவில் ஒரு வண்டி வந்து நின்றது. டம்மென்று இரும்புச் சத்தம். ஜலால் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். எதிர்வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வந்திருந்தது. அது போன பிறகும் அவர் வெளியே வரவில்லை. ருக்ஸானா வந்து, "அத்தா, நான்தான். வெளிய வாங்கத்தா" என்று கெஞ்சிய பிறகே தாழ் விலகியது.

அன்று சாயங்காலமே காவல் நிலையத்துக்குப் போகலாம் என்றாள் மகள். ஜலால் சட்டையை மாற்றிக்கொண்டு, காக்கிக் கவரையும் எடுத்துக்கொண்டார்.

"அது எதுக்கத்தா?"

"அவங்களா கேக்கறதுக்கு முன்னாடி நானே குடுத்துடறேன்மா."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. காவல் நிலையத்தில் கிறிஸ்டினா என்ற பெண் எஸ்.ஐ. இருந்தார். புகாரை எழுதிக்கொண்டார். பணம் ஏதாவது அனுப்பினீர்களா என்று கேட்டு, இல்லை என்றதும், "இந்த மாசம் நீங்க மூணாவது ஆளு சார். மத்த ரெண்டு பேரும் அனுப்பிட்டாங்க" என்றார். எழுந்து போகலாம் என்ற நேரத்தில் ஜலால் கவரை மேசையில் நகர்த்தினார்.

"இதையும் பாத்துடுங்க மேடம்."

எஸ்.ஐ. அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஜலால் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் திரையில் இருந்தவன் முன்னால் நடுங்கியதைவிட அந்த இரண்டு நிமிடம்தான் அவருக்குப் பெரிதாக இருந்தது. இந்தச் சீருடை நிஜம். மேசை நிஜம். கம்பிக் கதவும் நிஜம்.

"இந்த ஒட்டகம் எங்க, கராச்சியா?"

"ஆமா மேடம்."

"நம்ம பீச்சுல குதிர விடற மாதிரி அங்க ஒட்டகம் போல" என்று சொல்லிக்கொண்டே அட்டையைத் திருப்பினார். பின்னால் நீல மையில் இருந்ததைப் படித்தார். பிறகு அதை ஜஹானாராவிடம் நீட்டினார். "இத நீங்க வச்சுக்கங்கம்மா."

மீதிப் பத்தையும் கவரில் போட்டு ஜலால் பக்கம் தள்ளினார். "இதுல எனக்கு ஒண்ணும் வேணாம் சார். இத யாரு கேட்டா உங்கள?"

ஜலால் யோசித்துப் பார்த்தார். "யாரும் கேக்கல மேடம்" என்றார்.

இதோடு பயம் போய்விட்டது என்று சொல்ல ஆசைதான். போகவில்லை. பன்னிரண்டு நாள் கடை திறக்கவில்லை. புது சிம் வாங்கிக் கொடுத்தாள் மகள். அதை அணைத்தே வைத்திருந்தார். வாசலில் யார் மணி அடித்தாலும் முதலில் பின்கட்டுக்குத்தான் போனார். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ருக்ஸானா கேட்டாள்: "அந்தப் பதினொண்ண மட்டும் ஏன்த்தா தனியா வச்சீங்க?"

"பயம்தான்மா."

"யாரப் பாத்து?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஒரு பெயர் சொல்ல முடியவில்லை. எந்த அண்டை வீட்டுக்காரரும் அவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனாலும் கேட்கக்கூடும் என்ற நினைப்பிலேயே இருபத்தாறு வருடம் போயிருக்கிறது. அந்த நினைப்புக்குக் காரணமே இல்லை என்றும் அவரால் சொல்ல முடியவில்லை. மகளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அவர் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆல்பத்தைப் பிரித்து, நார்வேக்கும் பெருவுக்கும் நடுவில் ஒரு தாளைச் செருகி, பத்து அட்டைகளையும் வரிசையாக வைத்தார். அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஆல்பம் முழுதாகப் போனது. யக்ஞநாராயணன் என்ற நண்பர், பழைய ரேடியோக்காரர், அந்தப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். லாகூர்க்காரர் ஒருவரின் அழைப்புக்குறியைப் பார்த்து, "இவர்கூட நான் பேசியிருக்கேன் ஓய்! எழுபத்தேழுல. என்ன அருமையான குரல் தெரியுமா!" என்று சத்தமாகச் சொன்னார். ஜலால் சட்டென்று அறையைச் சுற்றிப் பார்த்தார். யாரும் திரும்பவில்லை.

கடை திறந்து ஒரு மாதம் ஆகிறது. நேற்று மதியம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. வாடிக்கையாளர் ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்ததால் எடுக்காமல் இருக்க முடியவில்லை.

"சார், லென்ஸ் டெலிவரி. கேம்ப் ரோட்ல எந்த இடம்?"

ஜலால் வழி சொன்னார். சிக்னலைத் தாண்டி, இடது பக்கம், பேக்கரிக்குப் பக்கத்துக் கடை. போனைக் கீழே வைத்துவிட்டு, விரல்களின் நடுக்கம் நிற்கும் வரை வாடிக்கையாளரின் பழைய கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.