இடது மேலே, வலது கீழே

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். ஆனால் இது நடந்தது. பாதியை நானே பார்த்தேன். மீதியைக் கோஹாரு என் கடை முன்னால் நின்று சொன்னாள்.

எங்களுடையது ஜப்பானின் மேற்குக் கரையில் ஒரு மீன்பிடித் துறைமுகம். ஆகஸ்ட் நடுவில், செத்துப்போன முன்னோர்கள் வீட்டுக்கு வந்து போகும் நாட்களில், கோயில் திடலில் முரசு மேடையைச் சுற்றி ஊரே ஆடும். அங்கே தங்கமீன் கடை போடுகிறவள் நான். காகித வலையால் தொட்டியிலிருந்து மீனை அள்ள வேண்டும். வலை கிழியாமல் அள்ளினால் மீன் உங்களுக்கு.

கோஹாரு பதினோராம் வகுப்பு. கூடப் படிக்கும் ஷுன்பெய் என்றால் அவளுக்கு உயிர். அதை அவனிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் வேறு எந்தப் பெண்ணாவது அவனிடம் சிரித்துப் பேசிவிட்டால் இவளுக்கு அன்று சோறு இறங்காது.

திருவிழாவின் இரண்டாம் நாள் மதியம், தோழி மினோரி செல்போனை நீட்டினாள்.

"இதப் பாத்தியா? நேத்து ஷுன்பெய் எடுத்த செல்ஃபி. க்ரூப்ல போட்டிருக்கான்."

அவன் பக்கத்தில் ஒரு பெண். திருவிழாவுக்கு உடுத்தும் பருத்தி யுகாதா. வெள்ளையில் நீலப் பூ.

"யாருடி இவ?"

"பேரு சாயோவாம். எந்த ஸ்கூலோ தெரியல. ஜோடி நல்லாருக்குல்ல?"

"மூஞ்சியப் பாரு, வேகாத சோத்து உருண்டை மாதிரி."

"உனக்கு வயிறு எரியுது. புகை இங்க வரைக்கும் வருது."

எரிந்தது உண்மைதான். கோஹாரு படத்தைப் பெரிதாக்கி அந்தப் பெண்ணிடம் குறை தேடினாள். மூக்கு நன்றாக இருந்தது. கூந்தல் அதைவிட நன்றாக இருந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம் ஷுன்பெய் கையிலிருந்த விசிறி கண்ணில் பட்டது. அதிலிருந்த கடைப் பெயர் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருந்தது. அவன் செல்போனில் எடுக்கும் செல்ஃபி எல்லாம் அப்படித்தான், இடம் வலமாக மாறிவிடும்.

யுகாதாவுக்கு ஒரு விதி உண்டு. உடுத்துகிறவரின் வலப்பக்கத் துணியை முதலில் மடித்து, இடப்பக்கத் துணியை அதன்மேல் போட வேண்டும். இடது மேலே, வலது கீழே. மாற்றிக் கட்டுவது ஒரே ஒருவருக்குத்தான். சவப்பெட்டியில் கிடப்பவருக்கு.

படத்தில் ஷுன்பெய்யும் யுகாதாதான் உடுத்தியிருந்தான். அவன் கட்டு மாறித் தெரிந்தது. திரும்பிய படத்தில் அப்படித்தானே தெரியும்? ஆனால் அந்தப் பெண்ணின் கட்டு மட்டும் இடது மேலே என்று கச்சிதமாகத் தெரிந்தது. அப்படியென்றால் நிஜத்தில்...

வேறு யாராவது என்றால் போனைக் கீழே போட்டிருப்பார்கள். கோஹாருவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"கழுதைக்குக் கட்டக்கூடத் தெரியல! இன்னிக்கு இருக்கு இவளுக்கு. அவன் முன்னாலயே மானத்த வாங்குறேன்."

பொறாமை கண்ணை மறைக்கும் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அன்றுதான் பார்த்தேன்.

மாலை ஆறு ஐம்பது. விளக்குகள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஷுன்பெய்யும் சாயோவும் என் தொட்டி முன்னால் குந்தினார்கள். மீன்கள் எல்லாம் சட்டென்று என் பக்கம் ஓடி வந்து ஒடுங்கிக்கொண்டன. இத்தனை வருஷத்தில் நான் அப்படிப் பார்த்ததில்லை.

டக்... டக்... டக்... மரச்செருப்பு கல்லில் மோத, கோஹாரு வந்தாள். அம்மா கட்டிவிட்ட சிவப்பு யுகாதா. அழகாகத்தான் இருந்தாள்.

"ஏய், கட்டு மாறியிருக்கு. செத்தவங்களுக்குத்தான் இப்படிக் கட்டுவாங்க. உங்க வீட்டுல சொல்லித் தரலையா?"

"கோஹாரு! என்ன பேச்சு இது?" ஷுன்பெய் எழுந்துவிட்டான்.

சாயோ கோபப்படவில்லை. நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"ஆமா, இது வரைக்கும் யாரும் மாத்திக் கட்டிவிடல. நீ கட்டிவிடறியா?"

இருவரும் கோயிலுக்குப் பின்னால் போனார்கள். கோஹாருவின் செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

இடுப்புக் கச்சையை அவிழ்த்தபோது துணி ஈரமாக இருந்ததாம். மழை இல்லை. கோஹாரு வேண்டாவெறுப்பாக இடது மேலே, வலது கீழே என்று கட்டி முடித்தாள்.

"உனக்கு அவனப் பிடிக்குமா?" என்று சாயோ கேட்டாள்.

"உனக்கென்ன வந்துச்சு? சின்ன வயசுலேருந்தே பிடிக்கும்."

"எனக்கும் பிடிக்கும்... உன் கட்டும் கலைஞ்சிருக்கு பாரு. இரு."

ஜில்லென்று இரண்டு கைகள் கோஹாருவின் கழுத்துப் பட்டியைத் தொட்டன. ஒரு நொடிதான்.

திரும்பி வந்தபோது கோஹாரு தனியாக வந்தாள்.

"அவ எங்க?" என்றான் ஷுன்பெய்.

"போயிட்டா. விடேன். என்கூட ஒரு செல்ஃபி எடு."

முணுமுணுத்துக்கொண்டே எடுத்தான். கோஹாரு ஆசையாகப் படத்தைப் பார்த்தாள். ஜெயித்துவிட்டோம் என்றிருந்தது அவளுக்கு.

விசிறியில் எழுத்து திரும்பியிருந்தது. அவன் கட்டு மாறித் தெரிந்தது.

தன் கட்டு கச்சிதமாகத் தெரிந்தது.

குனிந்து பார்த்தாள். வலது... மேலே.

"ஷுன்பெய்!"

அவன் திரும்பவில்லை.

"டேய், ஷுன்பெய்!"

டக்... டக்... டக்... கோயில் படியில் யாரோ இறங்கி வந்தார்கள். அவன் முகம் மலர்ந்தது.

சாயோ.

கோஹாரு அவர்கள் பின்னாலேயே ஓடினாள். அவள் காலில் சத்தம் இல்லை.

மறுநாள், திருவிழாவின் கடைசி நாள். முன்னோர்கள் திரும்பிப் போகும் நாள். பொழுது சாயும் நேரம். மீன்கள் மறுபடியும் என் பக்கம் ஓடி வந்தன. எதிரே கோஹாரு நின்றாள். நான் இதுவரை சொன்னதை எல்லாம் அவள் அழுதுகொண்டே சொன்னாள். நேற்றிலிருந்து அவளுக்குக் காது கொடுத்தவள் நான் ஒருத்திதானாம்.

"அவன் கைய அவ பிடிச்சிருக்கா அத்தை. எனக்குத் தாங்கல. கட்ட மட்டும் மாத்தி விடுங்க. போய் அவள ஒரு வழி பண்ணிடறேன்."

பாவமாக இருந்தது. கையை நீட்டினேன். அவள் கண்கள் என் யுகாதாவின் கழுத்துப் பட்டியையே பார்த்துக்கொண்டிருந்தன.

கையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. என்ன செய்வது? பயம்.

முரசு நின்றதும் அவள் அங்கே இல்லை.

கடையை அப்படியே போட்டுவிட்டு அவள் வீட்டுக்கு ஓடினேன். அம்மாக்காரி சிரித்த முகமாகக் கதவைத் திறந்தாள்.

"கோஹாரு..." என்றேன். மூச்சு வாங்கியது.

"யாரு, அக்கா?"

"உன் பொண்ணு! கோஹாரு!"

"நல்லா கேட்டீங்க போங்க. எங்களுக்கு ஒரே பொண்ணு. அவள உங்களுக்குத் தெரியாதா? சின்ன வயசுலேருந்து உங்க கடைக்குத்தான வர்றா." உள்ளே திரும்பி அவள் கூப்பிட்டாள். "சாயோ! மீன் கடை அத்தை வந்திருக்காங்க பாரு!"

டக்... டக்... டக்...

சாயோ வாசலில் வந்து நின்றாள். சிவப்பு யுகாதா. இடது மேலே, வலது கீழே.

"என்ன அத்தை," என்று சிரித்தாள். "கை ஈரமா இருக்கு?"