பலகையில் ஜமால் நானா எழுதிய சொல்

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது நாகூரிலிருந்து போன் வந்தது. ஜமால் நானாவின் மகன் பேசினான். சிறு வயதை வளைகுடாவில் கழித்த பையன், எப்போதும் ஆங்கிலத்தில்தான் ஆரம்பிப்பான். அன்று தமிழில் ஆரம்பித்தான். “அங்கிள், வாப்பா மவுத்தாயிட்டாங்க. காலையில டீ குடிச்சிட்டு நாற்காலியில உக்காந்தாங்க. அவ்வளவுதான்.” பிறகு, ஷார்ஜாவுக்குத் திரும்பும் விமான டிக்கெட் அலமாரியில் இருக்கிறது, அதை என்ன செய்வது என்று கேட்டான். சாவு வீட்டில் இப்படி ஏதாவது ஒன்றுதான் முதலில் மனதில் தோன்றும். பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி வைத்தேன். நானா லீவில் போயிருந்தார், லீவிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இதை நான் ஒரு காரணத்தோடுதான் சொல்கிறேன்.

நாகூர்ப் பக்கத்தில் அண்ணனை நானா என்பார்கள். அமீரகத்தின் வடக்கு எமிரேட் ஒன்றில், எங்கள் துறைமுக ஊரில் இருந்த தமிழர் எல்லோருக்கும் அவர் நானாதான், அவரைவிட மூத்தவர்களுக்கும். மீன் மார்க்கெட் பின்புறம் இருந்த டைப்பிங் சென்டரில் அரபியிலிருந்து தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மொழிபெயர்ப்பது அவர் வேலை. வேலை ஒப்பந்தத்தோடு யார் வந்தாலும் முழுவதையும் தமிழில் வாய்விட்டுப் படித்துக் காட்டாமல் கையெழுத்துப் போட விடமாட்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்து, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற வேகத்தில் படிப்பார். சைட்டுக்கு வண்டி போய்விடும் என்று ஒருவர் பறந்தார். “வண்டி போனா அடுத்த வண்டி வரும். கையெழுத்துப் போட்டா அது திரும்பி வராது. உக்காரு,” என்றார் நானா. நான் துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சரக்குத் தாள்களோடு அங்கே போய், அந்த வேகத்தில் மாட்டிக்கொண்டு நானும் பல முறை எரிச்சல்பட்டிருக்கிறேன்.

எங்களை நெருங்க வைத்தது ஒரு பழைய வீடு. அந்தக் காலத்தில் முத்து வியாபாரம் செய்து பெரிதான குடும்பம் ஒன்று, தங்கள் பூர்வீக வீட்டைப் பழுதுபார்த்துச் சின்னக் காட்சியகமாகத் திறந்தது. குடும்பத் தலைவரை இங்கே அபூ ராஷித் என்று அழைக்கிறேன், அது அவர் உண்மைப் பெயர் அல்ல. நல்ல மனிதர். வெள்ளிக்கிழமைகளில் பார்க்க வரப்போவது கேம்ப்களில் இருக்கும் தொழிலாளர்தான் என்று சரியாகக் கணித்து, அரபிப் பலகைகளைத் தமிழ், மலையாளம், உருது, வங்காளம் என்று பல மொழிகளில் எழுதச் சொன்னார். தமிழ் நானாவிடம் வந்தது. நடையைச் சரிபார்க்க நானா என்னைச் சேர்த்துக்கொண்டார். எனக்குப் பழைய தமிழ் தெரியும் என்று யாரோ அவரிடம் புரளி கிளப்பியிருந்தார்கள்.

பலகைகளில் முத்துக் குளிப்பு முழுக்க வீரமாகவே இருந்தது. படகு, பாட்டு, மூச்சடக்கம், பெரிய முத்து. கப்பல் தலைவன், மூழ்குபவர், கயிறு இழுப்பவர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் ‘வீட்டுக் காதிம்களும் கடலுக்குச் சென்றனர்’ என்று அரபியில் ஒரு வரி. நானா அந்தக் காதிமை அப்படியே தமிழில் வைத்துவிட்டார். நாகூர்க்காரருக்கு அது மரியாதையான சொல். தர்காவில் சேவை செய்கிறவர்களை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். நானும் படித்துப் பார்த்துவிட்டு, ஏதோ பக்தியுள்ள மாலுமிகள் போலிருக்கிறது என்று தலையாட்டினேன். பலகை அச்சாகிச் சுவரில் ஏறியது.

அந்த வீட்டு வாசலில் முபாரக் என்ற கிழவர் இருந்தார். வருகிறவர்களுக்குக் காப்பி ஊற்றுவது அவர் வேலை. கறுத்த நெடிய உருவம், காது மந்தம். சிறு வயதில் முத்துக்காகக் கடலில் மூழ்கிக் கெட்ட காது என்று பின்னால் தெரிந்தது. பம்பாய்ப் படகுகளில் பழகிய இந்தி நன்றாகப் பேசுவார். பலகை மாட்டிய அன்று, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று நானாவைக் கேட்டார். நானா விரலை வைத்து, படித்துப் படித்து இந்தியில் சொன்னார். காதிம் என்ற இடம் வந்ததும் கிழவர் சிரித்தார்.

“சமையலறையில இருக்காளே, அவளோட விசாவுலயும் அதானே எழுதியிருக்கு? காதிமான்னு. அவ போன வருஷம் ஊருக்குப் போய்ட்டு வந்தா. நோக்கர்கோ சுட்டி ஹை. ஹம்கோ சுட்டி மாஃபி.”

காதிமா என்றால் வீட்டு வேலைக்காரி. சுட்டி என்றால் லீவு. மாஃபி என்றால் இல்லை. வேலைக்காரருக்கு லீவு உண்டு, எங்களுக்கு இல்லை என்றார். பிறகு மிச்சத்தையும் சொன்னார், சந்தை நிலவரம் சொல்கிற குரலில். அவருடைய தாயை ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கொண்டுவந்து இந்த ஊரில் விற்றார்கள். அவர் இந்த வீட்டில் பிறந்தார், ஆகவே இந்த வீட்டுக்குச் சொந்தம். கடலுக்குப் போனார், அவர் எடுத்த முத்தில் அவருக்குப் பங்கு கிடையாது. இப்போது அவருக்கு இருப்பது இந்தக் குடும்பத்தின் பெயர்தான், அதையும் அவர்களே வைத்தார்கள். துறைமுகத்தில் எத்தனையோ வருடம் வேலை பார்த்தும், தினமும் அந்த வாசலைக் கடந்தும், அந்த ஊரில் மனிதர்களை வாங்கி விற்றார்கள் என்று அதற்கு முன் எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

நானா அன்று டீக்கடையில் டீயைத் தொடவே இல்லை. “சொல்லுக்கும் விசா வேணும் சேகர். நாகூர்ல செல்லுற சொல்லு இங்க செல்லல. நான் அந்த மனுசனோட உம்மாவைத் தர்காவுல வேலைக்கு வச்சிட்டேன்,” என்றார். பலகையை மாற்ற வேண்டும் என்றார். அபூ ராஷித்தின் தம்பிதான் நானாவின் கபீல், அதாவது அவருடைய விசாவுக்குப் பொறுப்பாளர். அந்த விசாவைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மனைவியும் மகனும் அந்த விசாவைப் பிடித்துக்கொண்டுதான் அங்கே இருந்தார்கள். இதை நான் எடுத்துச் சொன்னேன். “தெரியும்,” என்றார். அவர் பயந்தது வேறொன்றுக்கு. முபாரக்கின் பேத்திக்கு அப்போது கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்த ஊரில் பெண் கேட்க வருகிறவர்கள் வேரை விசாரிப்பார்கள். வேர் இது என்று சுவரில் எழுதிவைத்தால் யாருக்கு நஷ்டம்?

ஆகவே நேராகக் கிழவரிடமே போய்க் கேட்டார். கிழவர் நெடுநேரம் யோசித்தார். அரபியில் வேண்டாம் என்றார். அவர் பேரப்பிள்ளைகள் படிப்பார்கள், ஊர் படிக்கும். “உன் மொழியில எழுது. இங்க யாருக்கும் அது தெரியாது. ஆனா எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியும்,” என்றார்.

திருத்தம் என்று மட்டும் சொல்லி நானா புதிதாக அச்சடித்துத் தர, அடுத்த வாரம் தமிழ்ப் பலகை மட்டும் மாறியது. ‘இந்த வீட்டின் அடிமைகளும் கடலுக்கு அனுப்பப்பட்டனர். எடுத்த முத்தில் அவர்களுக்குப் பங்கு இல்லை, லீவும் இல்லை.’ லீவு என்ற சொல் பலகைக்கு ஒட்டவில்லை, விடுப்பு என்று போடலாம் என்றேன். “வெள்ளிக்கிழமை வர்றவன் விடுப்புன்னா பேசுறான்? லீவுன்னு போட்டாத்தான் அவன் வயித்துல தைக்கும்,” என்றார் நானா. அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

தைக்கத்தான் செய்தது. வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பலகைக்கு முன்னால் மட்டும் கூட்டம் நின்றது. பெரம்பலூர்க்காரர் ஒருவர் உரக்கப் படித்துவிட்டு, “அப்ப நாமளும் அடிமைதாண்ணே. பாஸ்போர்ட்டு கபீலு பொட்டியிலதான கெடக்கு?” என்று சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். நானாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “பாஸ்போர்ட்ட வச்சிக்கிட்டது தப்பு. அதக் கேக்க ஒரு ஆபீஸ் இக்கிது, வா, நானே எழுதித் தர்றேன். ஆனா ஒன்ன யாராச்சும் வித்தாங்களா? ஒன் புள்ளைய வித்தாங்களா? அது அவங்க சொல்லு. நீ எடுத்துக்காத.” அந்த ஆள் அடுத்த நாளே டைப்பிங் சென்டருக்கு வந்து உட்கார்ந்தார். நானா சொன்னபடி எழுதிக் கொடுத்தார்.

இங்கேதான் எங்கள் புத்திசாலித்தனம் பல்லிளித்தது. தமிழருக்கு மட்டும் புரியும் சொல் என்று இருவரும் நிம்மதியாக இருந்தோம். மலையாளத்திலும் அது அடிமதான். தடுக்கி விழுந்தால் மலையாளி மேல் விழுகிற ஊரில் இருந்துகொண்டு இதை மறக்க எங்களால்தான் முடியும். அபூ ராஷித்தின் டிரைவர் மலையாளி. தொழிலாளர்கள் வாய்விட்டுப் படித்தது அவர் காதில் விழுந்தது. அவர் மொழிப் பலகையில் வேலைக்காரர் என்று இருக்கிறது, தமிழில் மட்டும் ஏன் இப்படி என்று வண்டி ஓட்டிக்கொண்டே முதலாளியிடம் கேட்டுவிட்டார். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, வெறும் சந்தேகம்.

எங்கள் இருவரையும் வரச் சொன்னார்கள். அபூ ராஷித் தன் வரவேற்புக் கூடமான மஜ்லிஸில் எங்களைப் பக்கத்தில் உட்காரவைத்தார். முபாரக் காப்பிக் கூஜாவோடு நின்றார். அந்தச் சொல்லுக்கு அரபியில் என்ன என்று அபூ ராஷித் கேட்டார். “அப்த்,” என்றார் நானா. நேரடியாக அடிமை என்றே பொருள் தரும் சொல். அபூ ராஷித் தாடியைத் தடவினார். பிறகு நாங்கள் தப்பிக்க ஒரு கதவைத் திறந்துவிட்டார். இறைவனின் அடிமை என்ற பொருளில்தானே நாங்கள் அப்துல்லா என்று பெயர் வைக்கிறோம், உங்கள் மொழியிலும் அப்படி உண்டா என்றார். உண்டு. தமிழில் இறைவனுக்கு அடிமை என்று பாடாத பக்தர் குறைவு. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லோரும் எழுந்து போகலாம். நான் நானாவின் முகத்தைப் பார்த்தேன்.

“அந்த அர்த்தமும் உண்டு. ஆனால் நான் அந்த அர்த்தத்தில் எழுதவில்லை,” என்றார்.

“உனக்கு யார் சொன்னது?”

பழைய அரபி படித்தவன், எனக்கே தெரியும் என்று நானா சமாளிக்கப் பார்த்தார். அதற்குள், “நான் சொன்னேன்,” என்றார் முபாரக். காது மந்தமானவர், வேண்டியது மட்டும் சரியாகக் கேட்டிருக்கிறது. அபூ ராஷித் அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. கோப்பையில் மிச்சமிருந்ததைக் குடித்துவிட்டு, இனி வேண்டாம் என்பதற்கு அங்கே செய்வது போல் வெறும் கோப்பையை இரண்டு பக்கமும் ஆட்டி, முபாரக்கிடம் நீட்டினார். கிழவர் வாங்கிக்கொண்டார். கலஸ், முடிந்தது.

கூச்சல் இல்லை, வசவு இல்லை. மறுநாள் பலகை சுவரில் இல்லை. விசா புதுப்பிக்கும் நேரம் வந்தபோது அபூ ராஷித்தின் தம்பி வருத்தத்தோடு கையை விரித்தார். நானா ஷார்ஜாவில் ரோலா பக்கம் வேறொரு டைப்பிங் சென்டரில் சேர்ந்தார். புது விசாவில் குடும்பத்தைக் கூட்டிவர வழி இல்லை. மனைவியும் மகனும் நாகூருக்குப் போனார்கள், நானா ஆறு பேர் படுக்கும் ரூமில் ஒரு கட்டிலுக்கு மாறினார். ஒரு சொல்லுக்காக இவ்வளவா என்று அவரிடம் ஒருமுறை கேட்டேன். “எனக்கு வருசத்துக்கு ஒரு லீவு இக்கிது சேகர். போய்ப் பாத்துட்டு வந்துருவேன்,” என்றார். அவர் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. மகனை நினைத்து அவர் கஷ்டப்பட்டார், எனக்குத் தெரியும். அந்தப் பையன் அப்பாவை வருடத்துக்கு ஒரு மாதம் பார்த்து வளர்ந்தான் என்பதையும் இந்தக் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

செய்தி வந்த மறுநாள் முபாரக்கைப் பார்க்கப் போனேன். அந்த வீட்டுக்குப் பின்னால் அதே அறையில்தான் இருக்கிறார். பேத்தியின் கல்யாணம் நல்லபடி முடிந்துவிட்டது. காதருகில் குனிந்து ஜமால் இறந்துவிட்டார் என்று சொன்னேன். எங்கே என்று கேட்டார். அவர் ஊரில், அவர் வீட்டில் என்றேன். பிறகு, “சுட்டி மே,” என்றேன், லீவில் என்று.

“சுட்டி மே?” என்று திருப்பிக் கேட்டார். ஆமாம் என்றேன். “அல்ஹம்துலில்லாஹ்,” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

கட்டிலுக்குப் பின்னால் கையை விட்டு, துணி சுற்றிய ஒன்றை எடுத்தார். அந்தப் பலகை. தூக்கிப் போட இருந்ததைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். நானா ஷார்ஜாவிலிருந்து வரும்போதெல்லாம் படித்துக் காட்டுவாராம், என்னிடம் சொன்னதே இல்லை. படி என்றார். படித்தேன். கிழவர் தலையை ஆட்டினார். “ஜமால் இன்னும் மெதுவா படிப்பான்.”

நானாவிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று கேட்டால், அந்த வேகம்தான். ஒரு காலத்தில் எனக்கு எரிச்சல் மூட்டிய அதே வேகம். முதல் சொல்லுக்குக் கீழே விரலை வைத்து மறுபடி ஆரம்பித்தேன். இந்த. வீட்டின். மூன்றாவது சொல்லுக்கு விரல் வருவதற்குள் கிழவர் முந்திக்கொண்டார். “அடிமைகளும்,” என்றார், ஒரு பிசகில்லாமல். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அது.