தாமதமாக வந்த ஒன்பது துகள்கள்

திருவனந்தபுரம் ஆரியசாலையில் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம் செய்த குடும்பத்தில் பிறந்த செண்பகவல்லி, துகள் இயற்பியலுக்குப் போனதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. கணக்கு நன்றாக வந்தது, போனாள். பம்பாயில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு ஜெனீவா அருகே மூன்று வருடம் இருந்தாள். அங்கே பூமிக்கடியில் நடந்த பெருஞ்சோதனையில் அவளுக்கு வாய்த்த வேலை, கம்பி இணைப்புகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பது. அந்தச் சோதனையின் கட்டுரைகளில் ஆயிரக்கணக்கான பெயர்களுக்கு நடுவே அவள் பெயரும் உண்டு. அவள் கணவர் பூதலிங்கம், அங்குள்ள சாலைச் சந்தைக் கடைகளுக்கு வரிக்கணக்கு எழுதுகிறவர், ஒருமுறை பொறுமையாகத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு, "வோட்டர் லிஸ்டு தோத்துப் போவும்ட்டி" என்றார்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் திருவனந்தபுரத்துக்கே திரும்பி, ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தாள். உடன் வேலை பார்த்த பத்மகுமாரும் அவளும் சேர்ந்து சொந்தமாக ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். வானத்திலிருந்து ஓயாமல் பொழியும் துகள்கள் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் வருகின்றன. அவற்றுக்கிடையே மெதுவாக ஒன்று வந்தால், அது இதுவரை யாரும் பார்க்காத கனத்த துகளாக இருக்கலாம். அதைத் தேடுவதுதான் சோதனை. போனக்காடு என்ற மலையூரில், ஆள் ஒழிந்து கிடந்த ஓர் எஸ்டேட் கட்டடத்தில் கண்ணாடிப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். பெட்டிக்குள் வாயு இருக்கும், உயர் மின்னழுத்தம் இருக்கும். துகள் ஊடுருவினால் ஒரு துடிப்பு எழும். மேல் அடுக்கில் எப்போது, கீழ் அடுக்கில் எப்போது என்று பார்த்தால் வேகம் தெரிந்துவிடும்.

எழுதுவதற்கு எளிதாக இருக்கிறது. செய்ததில் பாதி, ஈரத்தோடு மல்லுக்கட்டியதுதான். மலைப்பாதையில் ஜீப் குலுங்கிக் கண்ணாடி உடைந்தது. இணைப்புகளுக்குள் எறும்பு புற்று வைத்தது. மழைக்காலத்தில் மின்சாரம் கசியும்; தலைமுடி உலர்த்தும் கருவியால் ஒவ்வொரு முனையையும் காய வைப்பாள். காலில் அட்டை ஏறியிருப்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். பதினெட்டு வருடம் இப்படிப் போனது. மெதுவான துகள் ஒன்றும் வரவில்லை.

ஓய்வு பெற நான்கைந்து மாதமே இருந்தபோது, எல்லா வருடத்துப் பதிவுகளையும் சேர்த்துச் செய்த கடைசி அலசலில் ஒன்பது துகள்கள் வந்து நின்றன. ஒன்பதும் தாமதம். பத்மகுமார் கட்டுரையின் முன்னுரையை அன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டார். செண்பகவல்லி எதிர்பார்த்தது சந்தோஷத்தை. வந்ததோ, எங்கேயாவது காலை நீட்டி உட்கார வேண்டும் என்ற எண்ணம். இரண்டு நாள் கழித்துத்தான் ஆசை வந்தது. இத்தனை வருடத்தில் தன்னுடையது என்று சொல்ல ஒன்று. இது போனால் இன்னொன்றுக்குக் காலம் இல்லை.

ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. ஒன்பது துகள்களும் மேல் அடுக்கின் ஒரே மூலைப் பெட்டி வழியாக, ஒரே மழைக்காலத்தில் வந்திருந்தன. அந்த ஆகஸ்டில் இடி விழுந்து அளவு காட்டும் கருவி கெட்டிருந்தது. அந்தப் பெட்டியின் மின்னழுத்தத்தைக் கையால்தான் மாற்றினார்கள். மின்னழுத்தத்தைக் குறைத்தால் துடிப்பு சற்றுப் பிந்தும், கூட்டினால் முந்தும். குறைத்ததாக எடுத்துக்கொண்டு அவள் கணக்கில் திருத்தம் போட்டிருந்தாள். எவ்வளவு குறைத்தது என்று மட்டும் உறுதி செய்துகொள்ள நினைத்தாள்.

அப்போது மலையில் இருந்தவன் மஹேஷ், அவளுடைய ஆராய்ச்சி மாணவன். பாறசாலைக்காரன், இப்போது நெடுமங்காட்டில் ஆசிரியர். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வந்தவனை, பக்கத்து ஹோட்டலில் உட்கார வைத்து விசாரித்தாள். எவ்வளவு மாற்றினோம் என்று அவனுக்குச் சட்டென நினைவு வரவில்லை. யோசித்துக்கொண்டே பரிமாறுகிறவரிடம் தட்டை நீட்டினான்.

"அண்ணாச்சி, சட்னி குறச்சு."

அவர் இன்னும் ஒரு கரண்டி ஊற்றிவிட்டுப் போனார். செண்பகவல்லி அந்தத் தட்டையே பார்த்தாள்.

"மஹேஷே, அன்னைக்கு மலையிலருந்து போன்ல என்ன சொன்ன? சொன்ன மாதிரியே சொல்லு."

"வோல்ட்டேஜ் குறச்சு கூட்டி வச்சிருக்குன்னு சொன்னேன் டீச்சர்."

"கூட்டினியா?"

"சிக்னல் வீக்கா இருந்துல்லா? குறச்சு கூட்டினேன். ஏன் டீச்சர்?"

மலையாளம் கலந்த இந்த ஊர்ப் பேச்சில் குறச்சு என்றால் கொஞ்சம். அது அவளுக்குத் தெரியாததல்ல. சாலைச் சந்தையில் அவளே நாள்தோறும் சொல்லும் சொல். ஆனால் அந்தப் போன் வந்தபோது அவள் அப்பாவுக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள். காது வீட்டுத் தமிழில் இருந்தது. வீட்டில் குறச்சு என்றால் குறைத்துத்தான். மலை லைன் விட்டுவிட்டுக் கேட்கும். நடுவில் இருந்த 'கூட்டி' விழுந்துவிட்டது. 'வோல்ட்டேஜ் குறச்சு வச்சிருக்கு' என்பது குறையில்லாத வாக்கியம். அதனால் திருப்பிக் கேட்கத் தோன்றவில்லை.

மஹேஷுக்கு விஷயம் புரிந்துவிட்டது. தன்னால்தான் என்று என்னவோ சொல்ல ஆரம்பித்தான். "நீ இட்லியத் தின்னு," என்றாள்.

பத்மகுமார் லேசில் விடவில்லை. ஓர்மை, நினைவு என்பது, பிசகும் என்றார், கூட்டினான் என்பதற்கு என்ன ஆதாரம் என்றார். அதில் நியாயமும் இருந்தது. "ஒருத்தன்றெ ஓர்மைய நம்பி ஒம்பதையும் களையணுமோ டீச்சரே?" என்று கடைசியாகக் கேட்டார்.

"அவன நம்ப வேண்டாம் சார். அந்த மூலையில விழுந்த சாதாரணத் துகளெல்லாம் இருக்கே, அதுககிட்ட கேப்போம்."

அந்த மூலையில் விழுபவை மிகக் குறைவு என்பதால் முன்பு தனியாகச் சரிபார்க்காமல் விட்டிருந்தாள். இப்போது அந்த மழைக்காலம் முழுவதையும் துழாவி எடுத்தாள். மூன்று வாரம் ஆனது. கழுத்து வலி தோளுக்கு இறங்கியது. குறைத்ததாகக் கொண்டால் சாதாரணத் துகள்களும் சற்றே தாமதமாகத் தெரிந்தன. கூட்டியதாகக் கொண்டதும் எல்லாம் வரிசையில் வந்து நின்றன. ஒன்பதும் அவற்றோடு நின்றன.

கட்டுரையில் இனி என்ன எழுதுவது என்று பத்மகுமார் கேட்டார். இவ்வளவு காலம் பார்த்தோம், ஒன்றும் இல்லை என்றுதான் எழுத வேண்டும் என்றாள். அதை யார் வாசிப்பார்கள் என்றார். திருத்தத்தின் திசை தவறிய விவரத்தையும் ஒரு பத்தியில் சேர்த்தாள். தவறியது ஏன் என்பதை மட்டும் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று இருவருக்கும் விளங்கவில்லை. விட்டுவிட்டார்கள்.

மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். பூதலிங்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"இல்லியாட்டி?"

"இல்ல கேட்டியளா. எல்லாம் சாதாரணத் துகள்தான்."

"சாலையில நாலு பேர்ட்ட சொல்லிட்டனே."

"என்னன்னு சொன்னிய?"

"எம் பொண்டாட்டி ஒம்பது புதுசு கண்டுபிடிச்சிருக்கான்னு."

"கண்டுபிடிச்சத அவளே இல்லன்னும் கண்டுபிடிச்சிட்டான்னு சொல்லுங்க," என்று மின்விசிறியைப் போட்டுவிட்டு, சேலைகூட மாற்றாமல் படுத்தாள். அவர் கை கழுவிவிட்டு வந்து பார்த்தபோது தூங்கியிருந்தாள்.