கேட்டுக்குக் கேட்டு நின்ற ரயில் பஸ்

எங்கள் ஊர் வழியாகப் போத்தனூர் வரைக்கும் ஒரு ரயில் பஸ் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திச் சில வருடங்கள்தான் ஆகிறது. முழு ரயில் விடுகிற அளவுக்குக் கூட்டமில்லாத கிளைப்பாதை. அதனால் ஒரே ஒரு பெட்டியை, அடியில் டீசல் என்ஜினோடு, தண்டவாளத்தில் இறக்கிவிட்டிருந்தார்கள். பஸ்ஸில் இருப்பது மாதிரியே சீட்டு, பஸ் மாதிரியே ஹாரன். பாலக்காட்டுப் பக்கமிருந்து ஆடிக் காற்று அடித்தால் ஜன்னலெல்லாம் கடகடவென்று ஆடும். அதன் வேகத்தைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். உட்கார்ந்ததும் கண் சொக்கும். விழித்துப் பார்த்தால் அதே தென்னந்தோப்பு இன்னும் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்.

எல்லாம் ரோடு குறுக்கிடும் ரயில்வே கேட்டுகளால் வந்த தாமதம். ஒவ்வொரு கேட்டுக்கும் ஆள் போடாமல், ஒரு கேட்மேனை வண்டியிலேயே ஏற்றி அனுப்பினார்கள். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும். அவர் இறங்கிப் போய்ச் சாத்துவார். வண்டி தாண்டிப் போய் மறுபடி நிற்கும். அவர் கேட்டைத் திறந்துவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்தபடி ஆற அமர வந்து ஏறிக்கொள்வார்.

அந்த வண்டியில்தான் ஒரு நாள் காலையில் என் வீட்டுக்காரரை விட்டுவிட்டு, போத்தனூரில் இறங்கி, மதுக்கரையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போகக் கிளம்பினேன். இனி திரும்புவதில்லை என்ற முடிவோடுதான். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் மாதத்தில் எங்கள் குழந்தை வயிற்றில் தங்காமல் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து என்னைக் கூட்டிவந்த மறுநாளே அவர் லேத் பட்டறைக்கு வேலைக்குப் போய்விட்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். இவரெல்லாம் ஒரு மனுஷனா என்று வயிறு எரிந்தது.

முதல் கேட்டில் வண்டி நின்றபோது சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மொபெட் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அவர்! ரோடு தண்டவாளத்தை ஒட்டியே வருகிறது. இந்த வண்டியைத் துரத்திப் பிடிப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஜன்னலடிக்கு வந்து நின்றார்.

"பீரோ சாவி எங்க வெச்ச?"

அடப்பாவி மனுஷா! இதைக் கேட்கவா இவ்வளவு தூரம்? "சாமி படத்துக்குப் பின்னாலங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த கேட்டிலும் வந்தார். "பால்காரருக்கு என்னன்னு சொல்றது?" என்று ஆரம்பித்தார். அதற்குள் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கேட்மேன் அவர் கண்ணில் பட்டுவிட்டார். என்னை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்க் கேட்டைப் பிடித்துத் தள்ளினார். கேட் சாத்தியாயிற்று, வண்டி உடனே கிளம்பிவிட்டது. அவரும் மொபெட்டும் பின்னால் நின்றார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கே உள்ள புத்தி இது. யாராவது சிரமப்பட்டால் தன் காரியம் கெட்டாலும் கை கொடுக்காமல் இருக்க மாட்டார்கள். என்னைத் தடுக்க வந்தவர் நான் சீக்கிரம் போக வழி செய்துகொடுத்தார்.

எதிர் சீட்டில் உக்கடத்தில் செருப்புக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் இருந்தார். "ஏனுங்க அம்மணி, அவருக்கும் ஒரு சீசன் டிக்கெட் எடுத்துக் குடுத்துருங்க. பெட்ரோலாவது மிச்சமாகுமுங்க" என்றார். வண்டியே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்காக என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

அப்புறம் கண் சொருகிவிட்டது. மழையும் தோப்பும் வண்டியின் உறுமலும் ஒன்றாகக் கலந்து எங்கோ மிதந்து போவது போலிருந்தது. மடியில் ஏதோ இளஞ்சூடாகக் கனத்தது. அணைத்துக்கொள்ளக் கையை மடக்கினேன். விழித்தபோது மடியில் ஒன்றுமில்லை.

வண்டி போத்தனூருக்கு முந்தின கடைசிக் கேட்டில் நின்றிருந்தது. அதற்கப்புறம் ரோடு வேறு பக்கம் பிரிந்துவிடும், அவரால் வர முடியாது. தெப்பலாக நனைந்து வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னும் என்னங்க காணோம் உங்களுக்கு?"

"புள்ளைக்குப் பேரு வெச்சிருந்தேன்" என்றார். "உங்கிட்டக்கூடச் சொல்லுல. பொறக்கட்டும்னு இருந்தேன். பட்டறையில மெஷின் ஓட்டிப்போட்டு, அந்தப் பேரச் சொல்லிச் சொல்லி அழுவேன். அந்தச் சத்தத்துல ஒருத்தருக்கும் கேக்காது, கண்ணு."

கேட் சாத்தியாகிவிட்டது. ஹாரன் அடித்தது. நான் எழுந்து கதவுக்கு ஓடினேன். "அம்மணி, போத்தனூர் இன்னும் வரலீங்களே!" என்று கேட்மேன் கீழேயிருந்து கத்தினார். நான் இறங்கிவிட்டேன். ரயில் பஸ் எங்களை மெல்லத் தாண்டிப் போனது.

"என்ன பேருங்க?" என்று கேட்டேன்.

சொன்னார். அந்த மழையில் நின்று, நானும் ஒரு தடவை சத்தமாகக் கூப்பிட்டேன்.