மருந்தக வாசலில் ரிசிக்கி

வழியில் என்னைக் கண்டால், "என்ன அண்ணே, எஞ்சின் ஓடுதா?" என்றுதான் கேட்பாள் ரிசிக்கி. எட்டு வருஷமாக இதே கேள்வி. என் படகு எஞ்சினின் பித்தளைக் காத்தாடியைக் கழற்றிப் பழைய சாமான்காரனிடம் போட்டு ஹெராயின் பொடி வாங்கி இழுத்தவளே அவள்தான். மன்னிப்புக் கேட்டதில்லை. கேள்வி மட்டும் கேட்பாள்.

இப்போது எங்கள் லிகோனி ஊர் மருந்தகத்துக்கு அவள்தான் வாசல்காவல். பொடியை விட்டொழிக்க வந்தவர்கள் தினமும் காலையில் அங்கே பொடிக்கு மாற்று மருந்து குடிக்க வேண்டும், நர்ஸ் கண்முன்னால். சிலர் வாயில் அடக்கிக்கொண்டு வந்து, வெளியே துப்பி விற்றுவிடுவார்கள். ரிசிக்கியும் ஒரு காலத்தில் விற்றவள்தான். நாலு வருஷமாக ஒழுங்காகக் குடிக்கிறாள். யாருடைய வாயையும் சோதிக்க மாட்டாள், சிரிக்க வைப்பாள்.

"டேய் ஒமாரி, கல்யாணத்துல நீ ஆடுன ஆட்டத்துல இடிபட்டு உன் மாமியாரு இன்னும் இடுப்புக்கு எண்ணெய் தேய்க்குதாமே?"

வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறவன் மாட்டினான்.

என் தம்பி அத்மானும் அங்கேதான் குடிக்கிறான். ஏழு மாதமாக மனுஷனாக இருக்கிறான். நோன்பு பிறந்ததும் பகலில் வாய் நனைக்க மாட்டேன் என்று இரண்டு நாள் போகவில்லை. எங்கள் பிள்ளைகள் செய்கிற தப்பு இது. பொடி இழுத்த காலத்தில் நோன்பை நினைக்காதவன், மருந்து குடிக்கும்போது நினைத்துக்கொள்வான். போன வருஷம் இப்படி நிறுத்திய இரண்டு பேர் வலி தாங்காமல் பொடிக்கே திரும்பினார்கள். பழைய அளவை உடம்பு தாங்கவில்லை. பெருநாளுக்கு முன்பே புதைத்தோம்.

மூன்றாம் நாள் ரிசிக்கி வீட்டுக்கே வந்து அவனைக் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். பின்னாலேயே நானும் போனேன். மருந்தக வாசலில் அத்மானுக்குக் கால் எழவில்லை.

"நோயாளிக்கு நோன்பு இல்லடா. பள்ளிவாசல் ஷேக்கே சொல்லிட்டாரு. அல்லா கேட்டா என் பேரச் சொல்லு."

"அல்லா இல்லக்கா. தெருவே பாக்குது."

படகுத்துறைக்குப் போகிற கூட்டம் முழுக்க அந்த வாசலைத் தாண்டித்தான் போகும்.

"பாக்கட்டும். முதல்ல என்னைப் பாக்கட்டும்."

நடுவாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு மஹம்ரி ரொட்டியை எடுத்து, பட்டப்பகலில் கடித்தாள். ஒரு கிழவர் அவள் காலடியில் காறித் துப்பினார். முன்பல் மூன்று இல்லாத வாய், அவசரப்படாமல் மென்றது. அத்மான் தலை நிமிரவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள்.

"நீங்க ஒரு நோன்பும் விடாத ஆளுன்னு ஊருக்கே தெரியும் அண்ணே. சும்மா நிக்காதீங்க. அந்தக் குழாயில ரெண்டு டம்ளர் தண்ணி பிடிச்சு, எல்லாரும் பாக்க நடுத்தெரு வழியா கொண்டு வாங்க. எனக்கும் இவனுக்கும் உங்க கையாலயே குடுங்க."