சிந்திய கதிர் யாருடையது

அறுத்த வயலில் கதிர் பொறுக்கும்போது பிந்துகிறவளுக்கு ஒன்றும் மிஞ்சாது. அந்த வருஷம் வத்ஹாவுக்கு நிறைமாதம். குனிந்தால் மூச்சு முட்டியது. எல்லோருக்கும் பின்னால் ஊர்ந்து வந்தாள். ஆனாலும் அவள் வழியில் மட்டும் கோதுமைக் கதிர்கள் கொத்துக்கொத்தாகக் கிடந்தன. அவளுக்கு முன்னால் போனவள் சுன்புலா. கல்லிடுக்கில் கிடக்கும் ஒற்றைக் கதிரையும் விடாத கண் அவளுக்கு.

"என்னக்கா, இவ்வளவு விட்டுட்டுப் போறீங்க?"

"கண்ணு மங்கிப்போச்சுடி" என்றாள் சுன்புலா, திரும்பிப் பார்க்காமல். அதற்குமேல் அதைப்பற்றி இருவரும் பேசியதில்லை.

சுன்புலா என்றால் கதிர். அறுவடை மும்முரத்தில், அடுக்கிய கட்டுகளின் நிழலில் பிறந்ததால் தகப்பன் வைத்த பெயர். வயலில் யாரும் அதை முழுசாகச் சொல்வதில்லை. கதிருக்கும் சரி, அவளுக்கும் சரி, 'ஸபலா' என்பதுதான் ஊர்வழக்கு. கிணறு வெட்டப்போன கணவன் மண் சரிந்து மவுத்தான பிறகு, அவள் பொறுக்கிய கதிரில்தான் வீட்டில் ரொட்டி வெந்தது, மகன் நவ்வாஃப் ஆளானான். யாரிடமும் அவள் கைநீட்டியதில்லை. பொறுக்குவது பிச்சை இல்லை என்பாள். அறுக்கிறவன் கையிலிருந்து நழுவியது அவனுடையதல்ல, அல்லாஹ் போட்டது.

ஹவ்ரான் சமவெளியில் இதற்கு எழுதிவைத்த சட்டம் எதுவும் கிடையாது. கட்டுகள் களத்துக்குப் போனபின் ஆடுகள் வரும்வரை வயல் ஏழைகளுடையது. எச்சில் கையால் காக்கை விரட்டாத நிலக்காரர்கள்கூட அதில் கைவைத்ததில்லை.

அடுத்த அறுவடைக்கு முன்னால், அந்த நிலங்களுக்குச் சொந்தக்காரரான பெரிய பேக் இறந்தார். மகன் டமாஸ்கஸில் இருந்துகொண்டு அறுவடை இயந்திரத்தையும், ராகிப் என்ற காரியஸ்தரையும் அனுப்பினான். இயந்திரம் இறங்கின அன்றைக்கே ஆட்டுக்காரர்களுக்கு மேய்ச்சல் குத்தகை பேசியாயிற்று. சிந்தின கதிரோடு சேர்த்துத்தான் விலை என்று ராகிப் அறிவித்தார். இனிமேல் வயலில் கால்வைக்கிற பெண் திருடியாம். நேற்றுவரை அல்லாஹ்வின் விருந்தாளிகள், விடிந்ததும் திருடிகள். வத்ஹாவுக்கு இதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கொதிக்கும்.

பெண்கள் எல்லோரும் பள்ளிவாசலில் பிரசங்கம் செய்யும் கதீபிடம் போனார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டாள் சுன்புலா. அவர் பேக்கின் விருந்தறையில் சாப்பிட்டுவிட்டு வந்தவர். மேலங்கியில் இன்னும் நெய் மணந்தது. பதிலுக்கு அவளுடைய பெயருக்கு அர்த்தம் சொல்ல ஆரம்பித்தார்.

ஸபல் என்பதுதான் அதன் வேராம். நடுவில் இருக்கிற 'ன்' பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதாம். தழையவிடுவது, தாழவிடுவது என்று பொருள். கூந்தலைத் தொங்கவிடுவது, திரையை இறக்குவது, கண்ணீரை வழியவிடுவது எல்லாம் அதிலிருந்துதான். பயிர் தலைதள்ளித் தொங்குவதால் கதிருக்கு அந்தப் பெயர். வயல் பெண்கள் சொல்கிற ஸபலாதான் பழைய ரூபம் என்றும் சொன்னார். அதுவரை வத்ஹாவுக்குக் கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. தினம் வாயில் புழங்குகிற சொல்லுக்குள் இத்தனை இருக்கிறதா என்று நினைத்தாள்.

பிறகு அவர் சொல்லவந்த காரியத்துக்கு வந்தார். "நிறைஞ்ச கதிர் தலை தாழ்ந்து நிக்கும். வெறுங்கதிர்தான் நிமிர்ந்து ஆடும். பேருக்கேத்த மாதிரி நீயும் தலைய தாழ்த்திட்டுப் போயேம்மா."

சுன்புலாவின் முகம் சிவந்தது. குரல் மட்டும் உயரவில்லை.

"மணி உள்ள இருந்தா கழுத்து தானா சாயும், ஷேக். மணிய உருவி ஆட்டுக்குப் போட்டுட்டு, வெறுந்தாளப் பாத்துக் குனி குனின்னா எப்படி? ஒரு விதையில ஏழு கதிர், ஒவ்வொரு கதிர்லயும் நூறு மணின்னு குர்ஆன்ல ஓதுறீங்களே. அது அல்லாஹ் பாதையில குடுக்கிறவனுக்குன்னுதான இருக்கு. வித்தவனுக்குன்னா இருக்கு?"

கதீப் சிரித்துவிட்டுத் தேநீர் ஊற்றிக்கொண்டார். அந்த ஜும்ஆவில் பொறுமையைப் பற்றி உருக்கமாகப் பேசினார். பசித்தவளுக்குப் பொறுமை போதிக்க வயிறு நிறைந்திருக்க வேண்டும் போலும்.

சுன்புலா மறுநாளே வயலில் இறங்கினாள். ஐந்தாறு பெண்கள் பின்னால் இறங்கினார்கள். ஒரு வயதுக் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வத்ஹாவும். பாதிச் சாக்கு நிறைவதற்குள் ராகிப் காவலாட்களோடு வந்தார். மற்றவர்களை அதட்டி விரட்டினார்கள். சுன்புலாவின் சாக்கைப் பறித்து, அவள் கண்முன்னே ஆடுகளுக்கு நடுவில் கவிழ்த்தார்கள். ஆட்டுக்காரக் கிழவர் தலைத்துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். ஆடுகளுக்கு என்ன தெரியும், தின்றன.

"அந்த ஆட்டுக்கு வெக்கம் இல்ல, அது ஆடு" என்று சுன்புலா ராகிபிடம் சொன்னாள். "உங்கம்மாவும் இதே வயல்ல பொறுக்கினவங்கதான். அவங்க பொறுக்கின ரொட்டியிலதான் நீ வளந்த."

அது உண்மை, ஊருக்கே தெரியும். அதனால்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. அவள் குடியிருந்த மண்வீடு பேக்கின் நிலத்தில் இருந்தது. வாரம் முடிவதற்குள் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. பேச வேண்டிய ஊர்த்தலைவர் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அல்லாஹ் எல்லாவற்றையும் பார்க்கிறான், இதையும் பார்த்திருப்பான்.

எல்லைக்கு அப்பால் ஸர்கா நகரத்தில் வேலையிலிருந்த மகன் நவ்வாஃபிடம் போய்ச் சேர்வதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை. பஸ் நிற்கும் இடத்துக்கு வழியனுப்ப வந்தது வத்ஹா ஒருத்திதான். ஒரு பாயும் ஒரு மூட்டையும் சுன்புலாவின் சாமான். பஸ்ஸின் புழுதி தூரத்தில் தெரிந்தபோது வத்ஹா மெதுவாகச் சொன்னாள், அடுத்த அறுவடைக்கு முட்டையும் வெண்ணெயும் கொண்டுபோய்க் காரியஸ்தரிடம் கெஞ்சிக் கேட்டுப்பார்க்கலாம் என்று பெண்கள் பேசிக்கொள்வதாக.

சுன்புலா படியில் கால்வைத்தவள் திரும்பினாள்.

"கேக்காதீங்கடி. கேட்டுட்டா அது அவன் குடுத்ததா ஆயிடும். ஆடு வர்றதுக்கு முன்னாடி இறங்கிடுங்க."